கோலமாவில் வரைந்த ஏரி

மன்னார்குடிக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்த ஏரியை அரசாங்கம் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்தி பறவைகளுக்குத் தெரிந்திருந்தது. ஐப்பசி பிறந்தால் கூட்டம் கூட்டமாக வந்துவிடும். ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. எதுவரைக்கும் சரணாலயம், அதற்குள் யார் என்ன செய்யலாம் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நான் அப்போது சமூகப்பணி படிப்பு முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். ஏரியைப் பராமரிக்க வனத்துறை ஒரு திட்டம் எழுத வேண்டும், அதை மக்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. மக்களைக் கேட்கத் தெரிந்த ஆள் தங்களிடம் இல்லை என்று வனத்துறை அந்த வேலையை எங்கள் நிறுவனத்திடம் கொடுத்தது. எங்கள் நிறுவனத்திலும் அப்படி ஆள் இல்லை என்பதால் என்னிடம் கொடுத்தார்கள்.

என் ஊர் குத்தாலம் பக்கம். அப்பா பண்ணையாளாக இருந்து, நில உச்சவரம்பில் கிடைத்த துண்டு நிலத்தால் விவசாயி ஆனவர். வேலை விவரத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"கொக்கு பாக்குற வேலைக்காம்மா உன்ன இவ்வளவு படிக்க வச்சேன்?"

"கொக்கு பாக்குற வேலை இல்லப்பா. கொக்கப் பத்தி ஊர்ல என்ன நினைக்கிறாங்கன்னு கேக்குற வேலை."

அப்பா சற்று யோசித்தார். "அதுக்கு முன்ன சொன்னதே தேவல" என்றார்.

ஏரிக்குப் பொறுப்பான ரேஞ்சர் மலைக்காட்டிலிருந்து மாறுதலாகி வந்தவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யானைகளோடுதான் இருந்தாராம். ஒற்றை யானை எதிரே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், குட்டியோடு வந்தால் எப்படிப் பின்வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனிதக் கூட்டத்தின் முன்னால் நிற்கத்தான் வராது. மைக்கைக் கையில் வாங்கினால் கழுத்து வரை வியர்த்துவிடும். நல்ல மனிதர். பறவைகளைப் பற்றித் தனியாகப் பேசினால் மணிக்கணக்கில் பேசுவார்.

முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஊர்க் கல்யாண மண்டபத்தில் வைத்தோம். வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்துகொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் சீரியல் ஓடும் என்பதால் காலையிலேயே வைக்கச் சொன்னார்கள். நாங்களும் வைத்தோம். பிரச்சினை பேனரில் ஆரம்பித்தது. தலைவர் படம் இல்லாமல் என்ன அரசு விழா என்றார்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். படம் இருந்தால் மண்டபத்துக்குள் காலே வைக்க மாட்டோம் என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். ரேஞ்சர் சிரமப்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். தலைவர் யாரும் வேண்டாம், மஞ்சள் மூக்கு நாரையின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிடுவோம் என்றார்.

அந்த நாரையின் இறக்கையில் கறுப்பு இருக்கும். வால் பக்கம் சிவப்பும் இருக்கும். இரண்டு கட்சிக் கொடியிலும் கறுப்பு சிவப்புதான், ஒன்றில் மட்டும் நடுவே வெள்ளை. எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எத்தனையோ பறவை இருக்கயில இந்தப் பறவைய ஏன் சார் புடிச்சீங்க?" என்று கேட்டார். ரேஞ்சருக்குக் கேள்வி புரியவில்லை. அது இங்கே கூடு கட்டும் முக்கியமான இனம் என்று விளக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "அண்ணே, நல்லா பாருங்க, நடுவுல வெள்ளையும் இருக்கு" என்றேன். அவர் மறுபடி பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வெள்ளை அவ்வளவு தேவையா என்று விசாரித்தார்.

கூட்டத்தில் ரேஞ்சர் தாளைப் பார்த்து வாசித்தார். ஒருங்கிணைந்த, நீடித்த, பங்கேற்பு என்று வார்த்தைகள் வரிசையாக வந்தன. வாசித்து முடித்ததும் மக்கள் கருத்துச் சொன்னார்கள். சுடுகாட்டுப் பாதைக்குச் சிமெண்ட் போட வேண்டும். கடைசி பஸ்ஸை இன்னும் கொஞ்சம் தாமதமாக விட வேண்டும். ஒருவர் தன் மருமகனின் நடத்தையைப் பற்றிக் கருத்துச் சொன்னார். எல்லாவற்றையும் நான் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு அம்மா எழுந்தார். தெற்குத் தெருக்காரர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி. ஐம்பதைத் தாண்டிய வயது. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் அக்காதான். ஏரியின் கிழக்குப் பக்கம், தண்ணீர் வடிந்ததும் வெளியே தெரியும் உள்வாய் நிலத்தில் தெற்குத் தெருக்காரர்கள் நெல் போட்டு வந்தார்கள். ஒரு காலத்தில் பண்ணை வீடு அது தன் நிலம் என்றது. சங்கம் போய்க் கொடி நட்டு உட்கார்ந்தது. போலீஸ் வந்தது. அக்கா கல்யாணமான புதிதில் அந்த நிலத்துக்காக ஜெயிலுக்குப் போய் வந்தவர். வழக்கு அப்போதும் கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எல்லக்கல்லு எங்க நடப்போறீங்க? அத மட்டும் சொல்லுங்க, நாங்க போயிடுறோம்" என்றார் அக்கா.

"அது மேப்ல இருக்கும்மா" என்றார் ரேஞ்சர்.

"மேப்பு எங்க இருக்கு?"

"மெட்ராஸ்ல."

கூட்டம் அதோடு கலைந்தது.

எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்த ஒரு முறை நினைவுக்கு வந்தது. மக்களே தங்கள் இடத்தைத் தரையில் படமாக வரைய வேண்டும்; அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். ரேஞ்சரிடம் சொன்னேன். மைக் இருக்காதா என்று கேட்டார். இருக்காது என்றதும் உடனே சம்மதித்தார்.

ஏரிக்கரை முனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் பொருள் கொடுத்தார். பாதி வாழ்க்கையைத் துபாயில் கழித்துவிட்டுத் திரும்பியவர். சரணாலயம் பெரிதானால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், கடை நடக்கும் என்பது அவர் எண்ணம். அதை மறைக்கவும் இல்லை. "எனக்குப் பறவையும் வேணும், பறவைய பாக்க வர்றவனும் வேணும் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே கோலமாவு, கலர்ப்பொடி, புளியங்கொட்டை எல்லாம் எடுத்து வைத்தார். வயலைக் காட்ட நெல் வேண்டும் என்றேன். ஒரு படி நெல்லும் வந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்கினோம். வடக்குத் தெருப் பெண்களும் தெற்குத் தெருப் பெண்களும் வந்தார்கள். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு காரியம் செய்து எவ்வளவோ காலமாகியிருந்தது. வடக்குத் தெருப் பெண் ஒருவர் கோலமாவைக் கையில் அள்ளிக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"எத்தன புள்ளிங்க?"

புள்ளியே வேண்டாம், ஏரி எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள் என்றேன். புள்ளி இல்லாமல் எப்படிப் போடுவது என்று அங்கேயே ஒரு சிறு மாநாடு நடந்தது. முதலில் போட்ட ஏரி பார்க்க அழகாக, எட்டு இதழ்த் தாமரையாக வந்தது. தெற்குத் தெருக்காரர்கள் அதை அழித்தார்கள். அவர்கள் போட்டது ஆட்டுக்கால் எலும்பு போல வந்தது. அதை வடக்குத் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கரையை ஒரு தெருவும் உள்வாயை இன்னொரு தெருவும் போடுவது என்று முடிவாகி, நடுப்பகலுக்குள் ஒரு ஏரி உருவானது. நீலப்பொடியில் தண்ணீர், கரைக்கு மஞ்சள், கருவேல மரங்களுக்கு இலைக்கொத்து, கூடுகளுக்குப் புளியங்கொட்டை, வயல்களுக்கு நெல். சரணாலய எல்லைக்குக் கூழாங்கல். பார்க்க நன்றாகவே இருந்தது. ரேஞ்சர் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்.

அப்போது பண்ணை வீட்டுக்காரர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது, சலவை வேட்டி, கையில் குடை. நிலமெல்லாம் கை மாறிப்போய், மிச்சமிருந்தது ஒரு பம்புசெட்டும் அதைச் சுற்றிக் கொஞ்ச வயலும்தான். ஆனாலும் ஊர் அவரைப் பண்ணை என்றேதான் கூப்பிட்டது. நின்றுகொண்டிருக்கிறாரே என்று யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் தரையைக் கவனிக்காமல் உட்கார்ந்தார். நாற்காலியின் நாலு காலும் சரியாகக் கிழக்கு உள்வாயில் நின்றன.

தெற்குத் தெரு முழுக்க நாற்காலிக் கால்களையே பார்த்தது.

"பாத்துக்குங்க" என்றார் அக்கா. "படத்துலகூட வந்து ஏறி உக்காந்துட்டாரு."

பெரியவர் குனிந்து பார்த்தார். நாற்காலியை நகர்த்திக்கொண்டார். ஆனால் நகர்த்திய பிறகு குடை நுனியால் ஒரு கூழாங்கல்லை மெல்லத் தள்ளினார். "அங்க இல்லம்மா கல்லு. எங்கப்பா காலத்துல இந்த எடத்துல ஒரு பனமரம் நின்னுச்சு. அதுதான் எல்ல."

"பனமரம் நின்னது உண்மைதான். அது உங்க எல்லன்னு மரம் சொல்லுச்சா?"

டீ வந்ததால் பேச்சு நின்றது. எல்லோரும் நிழலுக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் கூழாங்கற்கள் எல்லாமே இடம் மாறியிருந்தன. ஒரு பக்கம் ஏரி சுருங்கியிருந்தது, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடக் கக்கூஸ் வரை சரணாலயமாகியிருந்தது. யார் நகர்த்தியது என்று கேட்டேன். எல்லோருமே டீ குடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஆக்கிரமிப்பு என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது இத்தனை சுறுசுறுப்பாக நடக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

குரல்கள் ஏறிக்கொண்டிருந்தபோது கோழிகள் வந்தன. பக்கத்து வீட்டுக் கோழிகள், சேவல் முன்னால், பெட்டைகள் பின்னால். நேராக ஏரியின் தண்ணீரைக் கடந்து வயலில் இறங்கி நெல்லைக் கொத்த ஆரம்பித்தன. கொத்தியது போதாதென்று கால்களால் சீய்த்து மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றாக்கின. நான் கையை வீசிக்கொண்டு ஓடினேன்.

"விரட்டாதீங்க மேடம், விரட்டாதீங்க!" என்று ரேஞ்சர் கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அதுவரை கேட்டதில்லை. கோழிகளுக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "எந்தப் பக்கத்துலேர்ந்து வந்து எங்க மேயுதுன்னு பாருங்க. ஏரியிலயும் இப்படித்தானா?"

"அதத்தானே சார் நாங்க கத்திக்கிட்டு கெடக்குறோம்" என்றார் அக்கா. "செவப்பு மூக்கும் நீல ஒடம்புமா ஒரு கோழி இருக்குல்ல, தாழக்கோழி, அது கோரையிலேர்ந்து எறங்கி வந்து நட்ட பயிர மிதிச்சுக் கடிச்சுப் போட்டுடுது. கல்ல எடுத்தா பாரஸ்ட் கார்டு வந்து நிக்கிறாரு. வனவிலங்காம்."

"நாரையால தொந்தரவு உண்டா?"

"நாரை பாவம். அது மீனத் தின்னுட்டு அது பாட்டுக்கு இருக்கும்."

ரேஞ்சர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த மாதத்தில் வரும், நாற்றையா நட்ட பயிரையா, எந்தக் கோரைத் திட்டிலிருந்து. மைக் இல்லாமல், தாள் இல்லாமல், கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் பேசியது கேட்கவே நன்றாக இருந்தது. ஆண்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பண்ணைப் பெரியவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்து, தன் வயலிலும் அதே கதைதான் என்றார். பண்ணையும் தெற்குத் தெருவும் ஒரே குறையைச் சொன்னது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை என்று பாய் என் காதில் சொன்னார்.

"நட்டஈடு உண்டா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

ரேஞ்சருக்குப் பொய் சொல்ல வராது. "யானை மிதிச்சா உண்டு. கோழி மிதிச்சா இல்ல."

"அப்ப கோழிய புடிச்சுக்கிட்டு யானைய விடுங்க" என்றார் அக்கா.

மைதானமே சிரித்தது. ரேஞ்சர்தான் கடைசியாகச் சிரித்து முடித்தார்.

படம் அழிந்துவிட்டது. இனி ஏரியையே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னார். மறுநாள் காலை எல்லோரும் கிளம்பினோம். அவர் கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பண்ணைப் பெரியவரை வர வேண்டாம் என்று அவர் வீட்டில் தடுத்திருக்கிறார்கள். "என் நிலத்த நான் பாக்க வேணாமா?" என்று குடையோடு வந்துவிட்டார்.

கோடைக்கு ஏரி வற்றியிருந்தது. கிழக்கு உள்வாயில் அறுத்த தாளடி காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டிக் கோரை, அதற்கப்பால் பார்வைக்குக் காய்ந்த சேறு. பனைமரம் நின்ற இடத்தைக் காட்டுகிறேன் என்று பெரியவர் முன்னால் நடந்தார். அந்தப் பக்கம் வேண்டாம் என்று ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். தன் நிலத்தில் தனக்கு யார் வழி சொல்வது என்று அவர் வேகத்தைக் கூட்டினார். மேல் ஓடு உடைந்து முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார்.

ஒரு காலை எடுத்தால் மறு கால் இன்னும் ஆழமாகப் போனது. குடையை ஊன்றினார். குடையும் போனது. ஆண்கள் கயிறு தேடக் கரைக்கு ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோரையை மிதித்துப் படுக்கை போலச் சாய்த்துப்போட்டு, அதன் மேல் நின்று இரண்டு கையையும் நீட்டினார். பெரியவர் அந்தக் கைகளைப் பார்த்தார். உடனே பிடிக்கவில்லை.

"புடிங்க பண்ணை. நிலத்த விட மாட்டேன், விட மாட்டேன்னு கோர்ட்டுக்குப் போனீங்க. இப்ப நிலம் உங்கள விட மாட்டேங்குது."

"இழும்மா, பேசாம" என்றார் பெரியவர்.

அக்கா இழுத்தார். நான் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் பின்னால் பாய், பாய்க்குப் பின்னால் ரேஞ்சர். ஒரு பெரிய சத்தத்தோடு அவர் வெளியே வந்தபோது நாங்கள் அத்தனை பேரும் வரிசையாக மல்லாந்து விழுந்தோம். செருப்பு இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. பெரியவர் சேற்றோடு உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஒனக்கு இன்னும் பலம் இருக்கு" என்றார். அவரிடமிருந்து நன்றி என்று வந்தது அவ்வளவுதான். அக்காவும் அதற்கு மேல் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

இதனால் அவர் மனம் மாறி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார் என்று எழுத ஆசைதான். வாங்கவில்லை. ஆனால் அன்று பனைமரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. பறவைகள் கூடு கட்டும் கருவேல மரங்களின் வரிசையை எல்லையாக வைத்து மெட்ராஸுக்கு எழுதிவிடலாம் என்று ரேஞ்சர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரியும் எல்லை. அதை டீ நேரத்தில் நகர்த்த முடியாது. ரேஞ்சர் மரம் மரமாக நடந்து கருவியில் பதிந்துகொண்டார். தெற்குத் தெருவின் நிலத்தில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. தாழ்வான ஒரு பகுதி மட்டும் உள்ளே போயிற்று.

உள்ளே போனதில் அக்காவின் துண்டும் ஒன்று.

"நல்லா கேட்டீங்கம்மா மக்கள" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. நான் ஊருக்குள் வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ரேஞ்சரிடம் போய் அந்த ஒரு மூலையை மட்டும் வளைத்து எழுத முடியாதா என்று கேட்டேன். அந்த மரங்களில்தான் நாரைக் கூடு அதிகம் என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

வழியைத் தெற்குத் தெருவே கண்டுபிடித்தது. சங்கத்துக் கூரைக் கொட்டகையில் கூட்டம் போட்டு, எங்கள் யாரையும் சேர்க்காமல், வெளியே கிடைத்த நிலத்தை மறுபடி பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்குள் நடந்த சண்டையின் சத்தம் பாயின் கடை வரை கேட்டதாம். அக்காவுக்குக் கிடைத்தது கோரையை ஒட்டிய துண்டு. அதாவது, தாழைக்கோழிகளின் வாசல்படி. சேதி கேட்டு நான் போனபோது அவரே கூப்பிட்டுப் பேசினார்.

"எனக்குன்னு பாத்துக் குடுத்திருக்கானுவ. கோழி மொதல்ல எங்கிட்டதான் வரும். உங்க சாருகிட்ட சொல்லு, நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவர் சும்மா இருக்கவும் இல்லை. ரேஞ்சர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அதன் பலனாகத் திட்டத்தில் ஒரு பத்தி சேர்ந்தது. நாற்று விடும் காலத்திலும் நடவு முடிந்த நாட்களிலும், சரணாலய எல்லைக்கு வெளியே வரும் கோழிகளைத் தகரம் தட்டி உள்ளே திருப்ப, தெற்குத் தெருவிலிருந்தே காவலர்களை வனத்துறை வேலைக்கு எடுக்கும். பறவைகளை வரவேற்க ஏற்பட்ட சரணாலயத்தில் பறவை விரட்டவும் உத்தியோகம் உண்டாயிற்று. மேலதிகாரி இதைப் படித்துவிட்டு இரண்டு முறை விளக்கம் கேட்டார். ரேஞ்சர் இரண்டு முறையும் கோழிகளைப் பற்றி நீளமாக எழுதி அனுப்பினார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

திட்டம் அச்சாகி வந்தபோது ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் எழுதி ஊர்க்கூட்டத்தில் படித்தேன். 'உள்ளூர்ச் சமூகத்தினர்' என்ற இடத்தில் நிறுத்தி, அது யார் என்று கேட்டார்கள். நீங்கள்தான் என்றேன். "எங்கள ஊர்க்காரங்கன்னு போட்டா என்ன?" என்றார் அக்கா. மாற்றினேன்.

ஏரிக் குழு ஒன்று அமைந்தது. அக்கா, பண்ணைப் பெரியவர், பாய், இரண்டு கட்சியிலிருந்தும் தலா ஒருவர், ரேஞ்சர். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. ஆற்றில் முறை வைத்துத்தான் விட்டார்கள். தை மாதம் ஏரியில் இருந்தது கொஞ்சம் தண்ணீர். மதகைத் திறந்தால் கடைமடைப் பயிர் கொஞ்சம் பிழைக்கும். திறந்தால் மரங்களுக்கு அடியில் தரை தெரிந்து, நாய் நரி புகுந்துவிடும், குஞ்சுகள் தப்பாது. குழு பாயின் கடை வாசலில் கூடியது. இரண்டு கட்சிக்காரர்களும் அதிசயமாக ஒரே குரலில் திறக்கச் சொன்னார்கள். ரேஞ்சர், உங்கள் முடிவுதான் என்று சொல்லிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கதிர் பால் புடிக்கிற பயிருக்கு மட்டும் ஒரு தண்ணி விடுவோம்" என்றார் அக்கா. "மரத்தடியில முழங்கால் தண்ணி நிக்கணும். குஞ்சு எறக்கை முளைச்சுப் போனதும் மிச்சத்தத் திறக்கலாம்."

"மிச்சப் பயிரு?" என்றார் பெரியவர்.

"உங்க பம்புசெட்டு எதுக்கு இருக்கு? ஓட்டுங்க. பக்கத்து வயலுக்கும் சேத்து."

பெரியவர் மோட்டாரைப் பற்றி, கரண்டைப் பற்றி, தன் உடம்பைப் பற்றி வெகுநேரம் பேசினார். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் பேசி முடித்ததும், "அப்ப காலையில ஓட்டிடுறீங்க" என்றார். பெரியவர் பாயிடம் இன்னொரு டீ கேட்டார். காலையில் மோட்டார் ஓடியது.

பயிரில் ஒரு பகுதி கருகத்தான் செய்தது. அதற்காக அக்காவை ஏசியவர்களும் உண்டு. அவரும் திருப்பி ஏசினார். குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்தன. மாசி மாதம் ஒரு காலையில் நான் பஸ்ஸுக்குக் கரைமேல் போனபோது, அவர் புதிதாக நட்ட தன் வயலில், கோரை ஓரத்தில் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டு, தாழைக்கோழிகளை அவற்றின் குலம் கோத்திரம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மரத்தில் நாரைக் குஞ்சுகள் பசியில் கத்தின. அந்தச் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.